மனோவா கேட்ட பாடம்

தியானப் பகுதி: நியாயாதிபதிகள் 13:1–14

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



சென்ற குறுவை நடவு நாள்களில் ஒரு மாலை, நம் சபையின் தாய் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நட்ட களைப்பு முகத்தில் தெரிந்தது. ஐந்து வயது மகனைக் கையில் இறுகப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றார். “உள்ளே வாங்கம்மா” என்றேன். வரவில்லை. “ஐயா, வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரத்துக்கு ஆலயத்தின் பின்னறைச் சாவி எனக்கு வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது” என்றார்.

எதற்கென்று கேட்டேன். மகனை வெளியூரில் உள்ள ஒரு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார். அவன் நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுகிறான், தங்கையைக் கடிக்கிறான், பால்வாடியிலும் உட்கார மறுக்கிறான். பிள்ளையைப் பரிசோதித்தவர்கள், பெற்றோருக்கான ஆறு வாரப் பயிற்சி ஒன்று இருக்கிறது, அதற்காக ஒவ்வொரு வாரமும் பேருந்து ஏறி வரவேண்டாம், கைப்பேசியில் காணொளி அழைப்பாகவே ஆலோசகர் பேசுவார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் வீடு ஒரே அறை. அதில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஓயாத தொலைக்காட்சி. கணவர் வளைகுடா நாட்டில். வீட்டுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. வாசலில் நின்று பேசினால் தெருவே கேட்கும்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மகனைப்பற்றி இவர் என்னிடம் வந்திருந்தார். அன்று நான் ஐந்து நிமிடம்கூட அவருக்காகச் செலவிடவில்லை. “பிரம்புக்குப் பயந்தால்தான் பிள்ளை வளரும் அம்மா, கண்டித்து வளருங்கள், நானும் ஜெபிக்கிறேன்” என்று சொல்லி அனுப்பினேன். இந்த முறை சாவியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. “நீங்கள் அன்று சொன்னபடியும் செய்து பார்த்தேன் ஐயா” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் சம்மதித்ததால், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, பிள்ளை வளர்ப்புக்கு வெளியே உதவி தேடுவது விசுவாசக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதுவும் கைப்பேசியில், முகந்தெரியாத ஒருவரிடம் கேட்பதா என்கிறோம். இந்த வாரம் நாம் தியானிக்கும் வேதபகுதி அதற்கு நேர்மாறான ஒன்றை நமக்குக் காட்டுகிறது.

சோரா ஊரானாகிய மனோவாவின் மனைவி பிள்ளையில்லாதவள். கர்த்தருடைய தூதனானவர் அவளுக்குத் தோன்றி, ஒரு மகன் பிறப்பான் என்று சொல்லிப் போகிறார். அதைக் கேள்விப்பட்ட மனோவா என்ன ஜெபித்தான்? செல்வம் கேட்கவில்லை, பிள்ளை பெரியவனாகி வாழவேண்டும் என்றும் கேட்கவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாங்கள் செய்யவேண்டியது என்ன என்று கற்றுக்கொடுக்க, அந்தத் தேவனுடைய மனுஷனைத் திரும்பவும் அனுப்பும்படி கேட்டான். வேதாகமத்தில் பிள்ளைக்காக ஜெபித்த பெற்றோர் பலர். பிள்ளை பிறக்கும் முன்பே, ‘எங்களுக்குத் தெரியாது, கற்றுத்தாரும்’ என்று கேட்ட தகப்பன் இவன். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் சத்தத்தைக் கேட்டார். தூதனானவரை மறுபடியும் அனுப்பினார்.

இரண்டாம் முறை தூதனானவர் வந்தபோது அந்த ஸ்திரீ வயலில் இருந்தாள். கணவன் அவளோடு இல்லை. அவள் ஓடிப்போய் அவனை அழைத்துவந்தாள். நம் பாபநாசம் வட்டாரத் தாய்மாருக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. வயலில் தனித்திருக்கும் தாய், அருகில் இல்லாத தகப்பன், பிள்ளையைக் குறித்துக் கேட்கவேண்டிய ஒரு முக்கியமான வார்த்தை: இவை மூன்றும் நம் தெருக்களில் அன்றாடம் உள்ளவை. மனோவாவின் மனைவி ஓடிப்போய் அழைத்துவரும் தூரத்தில் அவள் கணவன் இருந்தான். நம் சகோதரிகளின் கணவர்மார் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனோவா கேட்ட பிறகு தூதனானவர் புதிதாக எதையும் சொல்லவில்லை. மனைவிக்கு முன்பே சொன்னதையே தகப்பனும் கேட்கத் திரும்பச் சொன்னார். அதுவும் நீண்ட பிரசங்கம் அன்று. எதைக் குடிக்கக்கூடாது, எதைப் புசிக்கக்கூடாது என்ற சில நடைமுறைக் காரியங்கள். அவையும் பிள்ளை செய்யவேண்டியவை அல்ல, தாய் கைக்கொள்ளவேண்டியவை. பிள்ளையை மாற்றும் வழியைக் கேட்டவர்களுக்கு, பெற்றோரின் பழக்கத்தைப்பற்றிய சுருக்கமான பாடம் கிடைத்தது.

அந்தத் தாய் கைப்பேசியில் பெற்ற பயிற்சியைப்பற்றி விசாரித்தபோது எனக்கு இந்த அதிகாரமே நினைவுக்கு வந்தது. அதுவும் பெற்றோரையே முதலில் மாற்றுகிறது. வாரத்துக்கு ஒரு பாடம்தான். முதல் வாரத்தில் நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் அமர்ந்து, அவன் விரும்பும் விளையாட்டை அவன் போக்கிலேயே விளையாடவேண்டும். கட்டளையும் கூடாது, கேள்வியும் கூடாது. அடுத்த வாரத்தில் அவன் செய்யும் நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்டவேண்டும். பொதுவாக ‘நல்ல பிள்ளை’ என்பதைவிட, ‘தங்கைக்கு நீயே தண்ணீர் கொடுத்தாயே’ என்பது அவனுக்கு விளங்கும். அதற்கடுத்து, சமையலறையிலிருந்து கத்தாமல், அருகில் சென்று, அவன் கண்ணுக்கு நேரே குனிந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளையைச் சுருக்கமாகச் சொல்லிப் பழகவேண்டும். பிறகு சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மாறாத ஒழுங்கு. சிறு பிடிவாதங்களைப் பாராமல் விடுவது. மீறினால் கோபமில்லாமல், சொன்னபடியே, சிறிய விளைவு. தனக்குக் கோபம் பொங்கும்போது ஒரு நிமிடம் விலகி நிற்கவும் தாய் கற்கிறாள். கடைசி வாரத்தில் பேருந்து, உறவினர் வீடு, ஆலயம் போன்ற கடினமான இடங்களுக்கு முன்கூட்டியே திட்டமிடுவது. ஆலோசகர் இவற்றைச் சொல்வதோடு நிற்காமல், கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லி, தாயும் மகனும் விளையாடுவதைப் பார்த்து, “இப்போது நீங்கள் காத்திருந்தது நல்லது” என்று அந்த நொடியிலேயே சொல்கிறார்.

இவை யாரோ ஒருவர் நேற்றுக் கற்பித்துக்கொண்டவை அல்ல. அமெரிக்காவில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970களில் உருவாக்கிய பயிற்சியில், பிள்ளையோடு விளையாடும் தாயின் காதில் ஒரு சிறு ஒலிக்கருவி இருக்கும். ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆலோசகர் மெல்லச் சொல்லிக்கொடுப்பார். பிற்காலத்தில் அந்தக் கண்ணாடியின் இடத்தில் இணையக் காணொளி வந்தது. 40 குடும்பங்களை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட சிறு ஆய்வு ஒன்றில், வீட்டிலிருந்தே கற்ற பெற்றோர், மருத்துவமனைக்குச் சென்று கற்றவர்களைவிடக் குறைந்த பலனைப் பெறவில்லை. பழைய முறையைவிட ஒருவகையில் இதுவே பொருத்தம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை பிடிவாதம் செய்வது வீட்டில். பாடமும் அங்கேயே நடக்கிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. அதில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து நடக்கும் விதம் நன்றாக முன்னேறியது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் எல்லாருக்கும், நம் போன்ற நாடுகளில், இத்தகைய பயிற்சி எளிதில் கிடைக்கவேண்டும் என்கிறது. எல்லாப் பெற்றோருக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். தவறிப்போன பெற்றோருக்கான தண்டனை வகுப்பாக அவர்கள் இதைச் சொல்லவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் 1957இல் தொடங்கியபோதே, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பராமரிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பெற்றோரும் தங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். அருமையான ஊழியம். ஆனால் நாற்று நட்டு அன்றாடக் கூலி வாங்கும் ஒரு தாய் பாபநாசத்திலிருந்து வேலூர் சென்று வாரக்கணக்கில் தங்க முடியுமா? தூரத்தைக் கடக்க வேறு வழியும் வேண்டும். நமக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் ஒரு பேருந்தை ஊர் ஊராக அனுப்பியது. அதில் அமர்ந்து, சென்னையிலிருந்த மனநல மருத்துவரோடு கிராமத்தார் திரையில் பேசி, அங்கேயே மருந்தும் வாங்கிச் சென்றார்கள். தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில், கிராமத்து ஊழியர்கள் கைப்பேசிச் செயலி ஒன்றோடு வீடு வீடாகச் சென்று, சிறு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கற்றுத்தருகிறார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. அதன் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மனம் சோர்ந்த பெற்றோரும் தயங்காமல் அழைக்கக்கூடிய எண் அது. குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உதவி இல்லை என்று சொல்வதற்கில்லை. அது நம் வீட்டு வாசல்வரை வந்து சேர்வதில்தான் சிக்கல். காவிரிப் பாசனத்தில் பிழைக்கிற நமக்கு இது நன்றாகவே விளங்கும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூரில் மதகு உயர்ந்தால் எல்லாரும் மகிழ்கிறோம். தண்ணீர் கல்லணைக்கு வருகிறது; குடமுருட்டியில் ஓடுகிறது. ஆனால் கடைசி வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால், அணை நிறைந்திருந்தும் கடைமடை வயல் வெடித்துக்கிடக்கும். மேட்டூரைக் குறைசொல்லிப் பயனில்லை. மண்வெட்டியோடு நாம்தான் இறங்கவேண்டும். தொலைமருத்துவம் என்னும் மதகு திறந்திருக்கிறது. நம் சபைக் குடும்பங்களுக்கு முன்னால் வாய்க்காலை அடைத்துக்கிடப்பது எது? மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வெட்கம். “எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள்; எந்தப் பயிற்சிக்குப் போனாள்?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போகவில்லைதான், பயிற்சி அவள் வீட்டிலேயே இருந்தது. திண்ணையில் மாமியார், கூடத்தில் நாத்தனார், அடுத்த வீட்டில் பெரியம்மா. ஒருத்தி சோர்ந்தால் மற்றொருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். நகோமி ரூத்தின் குழந்தையை மடியில் வைத்து வளர்த்தாள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப்பற்றி எழுதும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் சேர்த்தே சொல்லுகிறார். இன்று அந்தக் கூடமும் திண்ணையும் போய், ஒரு தாயும் ஒரு கைப்பேசியும் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கைப்பேசியின் வழியே ஒரு பெரியம்மாவின் வேலையை யாரேனும் செய்ய முன்வந்தால், அதைப் பரிகசிக்க நாம் யார்?

இரண்டாவது, பிரம்பு. நீதிமொழிகள் 13:24ஐ மேற்கோள் காட்டாமல் நம் சபைகளில் பிள்ளை வளர்ப்பைப்பற்றிப் பேசுவதில்லை. அதை நானும் பலமுறை அப்படியே பேசியவன். அங்கே பிரம்பு என்று தமிழில் வாசிக்கும் சொல் எபிரெயத்தில் ‘ஷேபெத்’. அதே சொல்தான் 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனுடைய கோல். அங்கே அது ஆட்டுக்கு ஆறுதல் தருகிறது. தமிழில் இரு சொற்களாக வாசிப்பதால் அந்த உறவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீதிமொழிகள் அடிப்பதைப் பேசவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 23ஆம் அதிகாரம் பேசுகிறது. ஆனால் அடங்காத மகனை ஊர்வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்லும் உபாகமம் 21ஐ நாம் யாரும் அப்படியே நிறைவேற்றுவதில்லையே! பழைய ஏற்பாட்டைக் கிறிஸ்துவின் வெளிச்சத்தில்தான் வாசிக்கிறோம். அந்த வெளிச்சத்தில் எபேசியர் 6:4உம் கொலோசெயர் 3:21உம் பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரப் பண்ணாதபடி தகப்பன்மாரை எச்சரிக்கின்றன. சிட்சை வேண்டும், அதை இந்தப் பயிற்சியும் விலக்கவில்லை. சொன்ன சொல் மாறாமல், கோபமில்லாமல், நாள்தோறும் ஒழுங்காக நடத்துவது பிரம்பை எடுப்பதைவிடக் கடினமான சிட்சை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் ஆசிரியர் கையிலிருந்து பிரம்பை வாங்கிவிட்டது. போதகரின் நாவில் மட்டும் அது இன்னும் இருக்கலாமா?

மூன்றாவது, நம் வாய். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம்மிடையே ஒரு குடும்பத்தின் துயரம் சில வேளைகளில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் தெருத்தெருவாகப் போகிறது. பிள்ளையைப்பற்றி ஒரு தாய் மனம் திறந்தால், மறுநாள் அது மகளிர் கூட்டத்தில் பேசப்படுகிறது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரே வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு நாளை பள்ளி உண்டு, திருமண வயது உண்டு. ஆலோசகர் காக்கும் இரகசியத்தைச் சபையார் காக்க முடியாதென்றால், மக்கள் ஆலோசகரிடம் போவதில் வியப்பென்ன?

இதை வாசிக்கும் சிலர் உடனே கேட்பீர்கள்: “ஐயா, சென்ற மாதம்தான் பிள்ளைகள் கையில் கைப்பேசி கொடுக்காதீர்கள் என்று பிரசங்கித்தீர்கள், இன்று கைப்பேசியையே புகழுகிறீர்களே?” வாய்க்காலில் தண்ணீரும் வருகிறது, வெங்காயத்தாமரையும் வருகிறது. தாமரை வருகிறதென்று வாய்க்காலைத் தூர்க்க மாட்டோம். அதை அள்ளி எறிந்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவோம். பிள்ளையின் வாயை அடைக்கக் கொடுக்கும் கைப்பேசி வேறு. பிள்ளையோடு எப்படிப் பேசுவதென்று தாய் கற்கும் கைப்பேசி வேறு. யூடியூபில் ‘முப்பது நாளில் ஆட்டிசம் குணமாகும்’ என்று விலைபேசுகிறவர்களையும் இதோடு சேர்க்காதீர்கள். பயிற்சி தருகிறவர் யார், எந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர் என்று கேட்டறிந்த பிறகே பிள்ளையைப்பற்றிப் பேசுங்கள். பிள்ளையின் காணொளியை வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள்.

கைப்பேசிக்கு எல்லையும் உண்டு. யோவான் தன் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுதவேண்டியவை இன்னும் அநேகம் இருந்தும், காகிதமும் மையும் போதாது, நேரில் வந்து முகமுகமாகப் பேச விரும்புகிறேன் என்ற கருத்தைச் சொல்லுகிறார். அப்போஸ்தலர்கள் தூரத்திலிருந்தே சபைகளை வளர்த்தார்கள். நாம் இன்றும் அந்த நிருபங்களால் போஷிக்கப்படுகிறோம். ஆனாலும் நிருபம் முகத்துக்கு ஈடு என்று அவர்கள் எண்ணவில்லை. இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, பேசிய பேச்சை இழக்கும் பிள்ளை, வலிப்பு வரும் பிள்ளை: இவர்களை நேரில் காட்டவேண்டும். காது கேட்கிறதா என்று கைப்பேசியில் சோதிக்க முடியாது. அரசு மருத்துவமனையில் கேட்டால், மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். பிள்ளையை ஒருவர் துன்புறுத்துகிறார் என்று தெரிந்தால் 1098ஐ அழையுங்கள். வீட்டில் தாயே அடிபடுகிறாள் என்றால், பிள்ளை வளர்ப்புப் பயிற்சியை அவள்மேல் சுமத்தாதீர்கள். அவளுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும்.

அந்தத் தாயின் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அற்புதச் சாட்சி எதுவும் என்னிடம் இல்லை. இரண்டு வாரம் பயிற்சி தடைப்பட்டது. ஒருமுறை மின்சாரம் போயிற்று, ஒருமுறை மழை. அவன் இப்போதும் பிடிவாதம் செய்கிறான். ஆனால் தங்கையைக் கடிப்பது நின்றுவிட்டதாகத் தாய் சொல்கிறார். நான்காம் வாரத்தில் ஆலோசகர் தகப்பனையும் அழைப்பில் சேர்க்கச் சொன்னாராம். அவர் வேலைத்தளத்தின் உணவு இடைவேளையில், தலைக்கவசத்தோடு திரையில் வந்து, ஊரை விட்டுப்போன பிறகு முதல்முறையாக மகனுடைய விளையாட்டை முழுதாகப் பார்த்தாராம். “இவனை அடக்கி வை என்று நான் தினமும் உன்னைத் திட்டினேனே” என்று மனைவியிடம் சொல்லி அழுதாராம். மனோவாவின் மனைவி ஓடிப்போய் அழைத்துவந்ததைப்போல, இந்தச் சகோதரியும் தன் கணவரைப் பாடத்துக்கு அழைத்துவந்துவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிப்பும் தேவை. மனோவா கேட்டுக் கற்று வளர்த்த பிள்ளை சிம்சோன். அவன் எந்த வழிகளில் நடந்தான் என்று நமக்குத் தெரியும். நல்ல பாடம் கேட்ட பெற்றோருக்கும் மகன் கண்ணீரைத் தந்தான். ஆகையால், பயிற்சி எடுத்தும் பிள்ளை திருந்தவில்லையே என்று எவரையும் குற்றப்படுத்தாதீர்கள். பெற்றோரின் கடமை கேட்பதும் கைக்கொள்வதுமே. பிள்ளையின் முழு வாழ்வும் அவர்கள் கையில் இல்லை. சிம்சோனின் கதையையும் தேவன் கைவிடவில்லை.

பிள்ளை வளர்ப்பு பெற்றோர் தனியே சுமக்கும் பாரம் அன்று என்பதற்குத் தஞ்சாவூரே சாட்சி. 1787இல் துளஜா மன்னர் தம் வளர்ப்பு மகன் சரபோஜியை, மணமாகாத ஒரு மிஷனெரியாகிய சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்தார். அரண்மனையில் சிறுவன் கவனிப்பாரின்றி வாடியபோது, ஐயர் அவனுக்காகப் பரிந்து பேசிக் கல்விக்கு வழிசெய்தார். 1793இல் அவன் சென்னைக்குச் சென்றபோது மிஷனெரி கெரிக்கே அவனைக் கவனித்துக்கொண்டார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தார்; அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். தம்மை வளர்த்தவரை மறவாமல், சிற்பி ஃபிளாக்ஸ்மனைக்கொண்டு செய்வித்த பளிங்குச் சின்னத்தை, இன்றும் தஞ்சையிலுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் நீங்கள் பார்க்கலாம். தம் பிள்ளை அல்லாத ஒரு பிள்ளைக்காக ஓர் ஊழியர் செலவிட்ட நேரத்தின் நினைவுச்சின்னம் அது. ஐந்து நிமிடத்தில் ஒரு தாயை அனுப்பிவிட்ட நான், அடுத்த முறை அதன் முன் நிற்கும்போது தலைகுனிந்துதான் நிற்பேன்.

எனவே சபையாராக நாம் செய்யக்கூடியவற்றை உங்கள் முன் வைக்கிறேன். ஆலயத்தின் பின்னறையில் ஒரு பாயும், இரண்டு நாற்காலியும், கைப்பேசியைச் சாய்த்து வைக்க ஒரு பலகையும் இருக்கும். மின்சாரம் போனாலும் எரியும் ஒரு விளக்கும் வாங்கிவிட்டோம். வாரநாள் மாலைகளில் எந்தப் பெற்றோரும், எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும், எந்தச் சமயத்தாரானாலும், அதைப் பயன்படுத்தலாம், காரணம் கேட்கமாட்டோம். அந்த அரைமணி நேரம் மற்றப் பிள்ளைகளை முற்றத்தில் பார்த்துக்கொள்ள இரண்டு அம்மாமார் வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து வீடு வெறிச்சோடிப் போயிருக்கும் பாட்டிமாரே, உங்களைத்தான் அழைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் தகப்பன்மாரே, மாதப்பணம் அனுப்புவதோடு உங்கள் கடமை முடியவில்லை. மனைவி அழைக்கும் அந்த அரைமணி நேரத்துக்கு வந்து உட்காருங்கள். ஆராதனையில் ஒரு பிள்ளை கூச்சலிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதன் தாய் அன்று என்ன பாடத்தைப் பயின்றுகொண்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது.

நானும் ஒன்றைத் தீர்மானித்திருக்கிறேன். இனி ஒரு தாய் பிள்ளையைப்பற்றி என்னிடம் வந்தால், முதலில் உட்காரச் சொல்வேன். கடைசிவரை கேட்பேன். எனக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புவேன். அதன்பிறகு ஜெபிப்பேன். மனோவாவின் ஜெபமே எனக்கு மாதிரி. அவன் கற்றுக்கொள்ளவே ஜெபித்தான். கற்பிக்க ஒருவர் வந்தபோது எழுந்து போய்க் கேட்டான்.

பின்னறைச் சாவி, போதகர் இல்லத்துத் தாழ்வாரத்தில், வாசலுக்கு வலப்புற ஆணியில் தொங்குகிறது. கூச்சப்படாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, நீர் எங்களிடம் ஒப்புவித்த பிள்ளைகளை எப்படி நடத்தவேண்டுமென்று எங்களுக்குத் தெரியவில்லை. மனோவாவின் சத்தத்தைக் கேட்டவரே, எங்களுக்கும் கற்றுத்தாரும். அருகிலிருந்து கற்றுத்தருகிறவர்களுக்காகவும் தூரத்திலிருந்து கற்றுத்தருகிறவர்களுக்காகவும் உமக்கு நன்றி. களைத்த தாய்மாருக்குப் பெலன் தாரும். தூரத்துத் தகப்பன்மாரை அருகில் கொண்டுவாரும். எங்கள் நாவையும் கையையும் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்,
பாபநாசம்